கை மாறிய படம்

வெப்சைட் செய்கிறவள் என்று தக்ரீத்தை ஊரே சொல்லும். அவளோ, "நான் எங்கே செய்றேன், எவனோ தைச்ச சட்டையை வாங்கி பொத்தான் மாத்திக் குடுக்கிறேன்" என்பாள். உண்மையும் அதுதான். எங்கோ ஒரு தேசத்தில் எவனோ செய்துவைத்த டெம்ப்ளேட்டை வாங்குவாள். நிறத்தை மாற்றுவாள், எழுத்தை மாற்றுவாள், எங்கள் கரக் ஊர்க்காரன் படத்தைச் செருகுவாள், "இந்தாங்க உங்க கடை" என்று கொடுத்துவிடுவாள். பல் டாக்டர், சோபாக் கடை, ஆட்டுப் பண்ணை என்று ஐந்து வருடத்தில் எழுபதுக்கு மேல் செய்திருக்கிறாள். அதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் கணினி டீச்சர். பிரின்சிபாலை எதிர்த்துப் பேசினாள் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். எதிர்த்துப் பேசினாள்தான். நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியிருப்பேன்.

இந்தத் தொழிலில் ஒரு தலைவலி உண்டு. டெம்ப்ளேட் செய்கிறவன் இடமிருந்து வலமாகப் படிக்கிறவன். நாம் அரபிக்காரர்கள், வலமிருந்து இடமாகப் படிக்கிறவர்கள். தக்ரீத் ஒரு வரி கோட் எழுதினால் பக்கம் முழுக்கப் புரண்டுவிடும். எழுத்து வலப்பக்கம் வரும், படம் இடப்பக்கம் போகும். ஆனால் படத்துக்குள் இருக்கிற மனிதன் புரளமாட்டானே! அவன் பழையபடி பக்கத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு, எழுத்துக்கு முதுகைக் காட்டி நிற்பான். அதற்கு இன்னொரு வரி வைத்திருந்தாள். கடைசியில் கழித்தல் ஒன்று என்று முடியும். அதைப் போட்டால் படம் கண்ணாடியில் பார்ப்பதைப் போலத் திரும்பிக்கொள்ளும், மனிதன் எழுத்தைப் பார்ப்பான். பக்கம் பாந்தமாக உட்காரும்.

ஒரே ஒரு முறை அது காலை வாரியது. பழைய கார் விற்கிற ஒருவனுடைய படத்தில், எங்கள் ஊரில் இடப்பக்கம் இருக்க வேண்டிய ஸ்டியரிங் வலப்பக்கம் போய்விட்டது. "ஏம்மா, நான் கரக்ல விக்கிறேனா லண்டன்ல விக்கிறேனா?" என்று அவன் போனில் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு மாற்றிக் கொடுத்தாள். சிரிப்போடு போன தப்பிலிருந்து யார் பாடம் கற்றுக்கொள்கிறார்கள்?

இப்போது அவள் தம்பி முயீன் கதைக்கு வருகிறேன். எட்டு மாதத்துக்கு முன், பள்ளத்தாக்கிலிருந்து தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலையேறி வந்த அவனுடைய பிக்கப் வண்டி, பொழுது மங்கிய மசண்டை நேரத்தில் சாலையைக் கடந்த ஒரு பையனை அடித்துப் போட்டது. அபூ ஸக்ரின் இளைய மகன் லைத். பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டான். கோர்ட்டு தன் வேலையை முடித்துவிட்டது. விபத்து என்று எழுதியும் விட்டது. ஆனால் கோர்ட்டு முடித்தது ஊரில் முடிந்ததாகுமா? அபூ ஸக்ர் மன்னித்தேன் என்று சபையில் சொல்லும்வரை முயீன் கரக்கில் கால் வைக்க முடியாது. அக்காபா துறைமுகத்தில் எங்கோ மூட்டை தூக்கிக்கொண்டு கிடந்தான். நடுவர் ஹாஜி துகான், அதுவரை பழிவாங்க மாட்டோம் என்ற அமைதிக் கெடுவை இரண்டு தரம் வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் தரம் கொடுக்க மாட்டேன் என்று அபூ ஸக்ர் சொல்லிவிட்டார். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சபை; ஒன்று சமாதானம், இல்லையென்றால் சூரியன் மறைந்ததும் கெடு முடிந்தது. அதற்குப் பிறகு அவன் வேறு தேசத்துக்குத்தான் போக வேண்டும்.

வியாழக்கிழமை ஹாஜி துகான் தக்ரீத்தைக் கூப்பிட்டார்.

"பொண்ணே, அபூ ஸக்ர் குடும்பத்து விருந்து மண்டபத்துக்கு நீதானே வெப்சைட் போட்டுக் குடுத்த?"

"விபத்துக்கு முன்னாடி போட்டது ஹாஜி. அதுக்கப்புறம் நான் அதைத் திறந்துகூட பாக்கல."

"சாவி உன்கிட்டதானே இருக்கு? நாளைக்குச் சபை எத்தனை மணி, எங்கேன்னு அதுல போடணும். கெடு வாங்கின அன்னைக்கு எடுத்த போட்டோ அனுப்புறேன், அதையும் போடு. நான் அபூ ஸக்ர்கிட்ட கேட்டுட்டேன். யோசிச்சுட்டு 'போடச் சொல்லு'ன்னாரு. உங்க வீட்டுப் பொண்ணு கையால சமாதானச் செய்தி வந்தா அவர் மனசு இன்னும் கொஞ்சம் இளகும்."

இளகும் என்று நம்பித்தான் அவள் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே லேப்டாப்போடு உட்கார்ந்தாள். அடுக்களையில் அவள் அம்மா, முந்தின நாளே ஊறப்போட்ட காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்து, ஆட்டுக்கறிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். மகன் மதியம் வீட்டுச் சோற்றில் கை வைப்பான் என்ற நம்பிக்கை அந்த அம்மாவுக்கு.

"அந்தப் பெட்டியை மூடிட்டு வந்து இதைக் கிண்டு. எட்டு மாசம் கழிச்சு வர்றவனுக்கு அடிபிடிச்ச சாறா ஊத்துவ?"

"அவன் வர்றதுக்குத்தாம்மா இந்தப் பெட்டி!"

போட்டோ நல்ல போட்டோ. கறுப்பு ஆட்டுமயிர்க் கூடாரத்தின் கீழே அபூ ஸக்ர் நிற்கிறார். ஒரு கையில் காபிக் கெண்டி, மறு கையால் சிறு கிண்ணத்தை தக்ரீத்தின் பெரியப்பாவிடம் நீட்டுகிறார். பெரியப்பா குனிந்து வாங்குகிறார். ஆனால் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் வழக்கமான கோளாறு; அபூ ஸக்ர் சமாதானச் செய்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அடக் கடவுளே, இன்றைக்குப் போய் இப்படியா! அவள் யோசிக்கக்கூட இல்லை. விரல் தானாக அந்த வரியை அடித்தது. கழித்தல் ஒன்று. அபூ ஸக்ர் திரும்பி எழுத்தைப் பார்த்தார். மேலே மெல்லிய நிழல் போட்டாள், எழுத்தைப் பெரிதாக்கினாள், மண்டபத்தின் பெயருக்குக் கரும்பச்சை கொடுத்தாள். தான் செய்ததிலேயே அழகான பக்கம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. பத்து மணிக்கு லிங்க்கை ஹாஜிக்கு அனுப்பினாள். ஹாஜிக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது; கண்ணாடியைத் தேடவும் பொறுமை கிடையாது. அப்படியே இரண்டு குடும்பத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கும் தள்ளிவிட்டார்.

பத்தேகாலுக்குப் போன் அடித்தது. அபூ ஸக்ரின் மூத்த மகன் ஸக்ர்.

"என் தம்பியை உன் தம்பி கொன்னான். இப்ப எங்கப்பாவை நீ கொல்றியா?"

"என்னங்க சொல்றீங்க? என்ன ஆச்சு?"

"படத்தைப் பாரு! எங்கப்பா என்ன, வளர்ப்பு சரியில்லாதவரா? விருந்தாளிக்கு இடது கையால காபி குடுக்கிறவரா? ஊரே பாக்குது. சபையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உன் தம்பியை அங்கேயே இருக்கச் சொல்லு!"

லைன் அறுந்தது. தக்ரீத் திரையைப் பார்த்தாள். அதில் ஒரு தப்பும் அவள் கண்ணுக்குப் படவில்லை. அதுதான் கொடுமை. அவள் பிறவியிலேயே இடது கைக்காரி. பேனா, கத்தரிக்கோல், துடைப்பம் எல்லாம் இடது கையில்தான். சோற்றுத் தட்டு முன்னால் மட்டும் அம்மாவின் கண்ணுக்குப் பயந்து வலது கை வரும். நீட்டின இடது கை அவள் கண்ணுக்கு வெறும் கையாகத்தான் தெரிந்தது. தன் இரண்டு கைகளையும் தூக்கி, படத்தில் உள்ளதைப் போல வைத்துப் பார்த்தாள். கெண்டி வலது கையில் வந்தது. கிண்ணம் இடது கையில் வந்தது.

கெண்டி இடது கையில், கிண்ணம் வலது கையில், அதுதான் முறை. எங்கள் ஊரில் பால் மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். இடது கையால் கிண்ணத்தை நீட்டினால், "உன்னை மனுஷனாகவே மதிக்கவில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. அதையும் மகனைப் பறிகொடுத்தவர் கெடு கொடுத்த அன்றைக்கு!

வரியை அழித்தாள், சேமித்தாள். லேப்டாப்பில் படம் சரியாகத் திரும்பியது. தன் போனில் பார்த்தாள். பழைய படமே நின்றது. போன் ஒரு தரம் இறக்கிய பக்கத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சட்டென்று புதியதைக் கேட்காது. அவள் போனே இப்படி என்றால் ஊரார் போனைச் சொல்லவா வேண்டும்! அதற்குள் பக்கத்தைப் படமாகப் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அதை அழிக்க எந்தக் கோட் வரியும் கிடையாது.

அடுத்த போன் பெரியப்பாவிடமிருந்து. பின்னால் ஏழெட்டுப் பேர் கத்துகிற சத்தம்.

"தக்ரீத், இங்க பசங்க குதிக்கிறானுங்க. அபூ ஸக்ர் அன்னைக்கே நம்மளை அவமானப்படுத்திட்டாரு, நீங்க கிழவன், கவனிக்காம வாங்கிக் குடிச்சிட்டீங்கன்னு என்னையே திட்டுறானுங்க. சபைக்கு ஒருத்தனும் வர மாட்டானாம்."

"பெரியப்பா, அவர் வலது கையாலதான் குடுத்தாரு! படத்தைத் திருப்பினது நான்!"

"எனக்குத் தெரியாதா, வாங்கிக் குடிச்சவன் நானாச்சே! ஆனா இவனுங்க போட்டோ பொய் சொல்லாதுங்கிறானுங்க. நான் பொய் சொல்வேனாம், போட்டோ பொய் சொல்லாதாம்!"

அதையும் வைப்பதற்குள் முயீன். சபை கூடும்வரை ஊருக்கு வெளியே, கத்ரானாவில் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் காத்திருந்தான்.

"அக்கா, ஒருத்தனும் போன் எடுக்க மாட்டேங்கிறான். வரவா, திரும்பிப் போகவா?"

"அங்கேயே இரு. ஒரு அடி நகராதே."

"அம்மா சமைக்கிறாங்களா?"

"சமைக்கிறாங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். அம்மா கரண்டியோடு வாசலை மறித்தாள்.

"எங்கடி போற? அந்த வீட்டுக்கா? எட்டு மாசமா நம்ம வீட்டு ஈ காக்கா அந்தப் பக்கம் போனதில்ல. அந்த வாசலை மிதிக்க ஆம்பளைக்குத்தான் தடைன்னா, நீ போயிடறதா? மூஞ்சியில துப்புவாங்க."

"துப்பட்டும். துப்பினதைத் துடைச்சுக்குவேன். விடும்மா."

கால் மணி நேர வழி. காரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஸக்ர் வாசலில் நின்றிருந்தான். காரிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் பின்னால் கதவு திறந்தது. கறுப்பு உடையில் உம்மு ஸக்ர், இறந்த பையனின் தாய். மெலிந்து எலும்பாகியிருந்தாள்.

"நான் அழறேனா இல்லையான்னு பாக்க வந்தியா?"

"இல்லம்மா. தப்பு பண்ணிட்டேன். எப்படிப் பண்ணினேன்னு அவர் கண் முன்னால காட்டிட்டுப் போயிடறேன். அப்புறம் என்ன வேணா செய்யுங்க."

உம்மு ஸக்ர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒதுங்கி வழி விட்டாள்.

அபூ ஸக்ர் உள்கூடத்தில் தரை மெத்தையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணப்பில் கெண்டி சூடாக இருந்தது. போன் அவர் முன்னால் கவிழ்ந்து கிடந்தது. தக்ரீத் மண்டியிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். கடவுச்சொல்லை இரண்டு தரம் தப்பாக அடித்தாள்.

"இந்த வரியைப் பாருங்க. இது இல்லாம படம் இப்படி. நீங்க வலது கையால குடுக்கிறீங்க. இதைப் போட்டா..." போட்டாள். கை மாறியது. "எடுத்தா..." எடுத்தாள். கை பழையபடி வந்தது. "உங்க முகம் எழுத்தைப் பாக்கணும்னு நினைச்சேன். கையை நான் பாக்கல. நானே இடது கைக்காரி, எனக்கு அது உறைக்கல. உங்க மகன் மேல சத்தியமா கேலி பண்ணணும்னு பண்ணல."

"என் தம்பி பேரை எடுக்காதே!" என்று வாசலிலிருந்து ஸக்ர் கத்தினான்.

அபூ ஸக்ர் கையமர்த்தினார். "இன்னொரு தரம் போடு" என்றார். போட்டாள். இடது கையால் கிண்ணம் நீட்டுகிற தன்னையே நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் படத்துல தப்பில்ல, பொண்ணே."

தக்ரீத்துக்குப் புரியவில்லை.

"அன்னைக்குக் குடுத்தது வலது கைதான். ஊர் பாத்துச்சு, ஹாஜி பாத்தாரு, குடுத்தேன். ஆனா மனசுக்குள்ள நான் இப்படித்தான் குடுத்தேன். உன் பெரியப்பா முகத்துல ஊத்தணும்னு இருந்துச்சு. ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். காலையில இதைப் பாத்ததும், எவனோ கண்டுபிடிச்சிட்டான்னு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு." அவர் மூச்சு விட்டார். "இன்னைக்கும் சபையில குடுத்திடுவேன். நூறு பேர் முன்னால எந்தக் கையும் எழும்பும். உன் தம்பி எங்க இருக்கான்?"

"கத்ரானாவுல."

"வரச் சொல்லு. சபைக்கு இல்ல, இங்க. ஆள் கூட்டம் இல்லாம அவனை என் முன்னால உக்கார வச்சா, இந்தக் கை எழும்புதான்னு பாக்கணும். எழும்பலைன்னா சபையும் பொய்தான்."

மகனைச் சாகக் கொடுத்தவரின் வீட்டுக்குள், சாட்சி இல்லாமல், தம்பியை நானே கூப்பிடுவதா? வாசலில் ஸக்ர் நிற்கிறான். அவன் கை இரண்டும் இறுகியிருக்கின்றன. வெளியே போய் ஹாஜி துகானுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வார்த்தை குடுத்தாரா?"

திரும்பி வந்து அபூ ஸக்ரிடமே கேட்டாள்.

"என் வாசலுக்குள்ள அவன் மேல ஒரு விரல் படாது" என்றார் அபூ ஸக்ர். பிறகு மகனைப் பார்த்தார். "கேட்டுச்சா ஸக்ர்?"

ஸக்ர் தலையைத் திருப்பிக்கொண்டான். "கேட்டுச்சு."

தக்ரீத் போன் செய்து வரச் சொன்னாள்; முயீன் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. ஜும்ஆவுக்கு முன்னாலான குர்ஆன் ஓதல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்கத் தொடங்கியபோது கார் வந்து நின்றது. ஹாஜி துகானும் அதே நேரத்தில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கூடத்துக்குள் நுழைந்த முயீன் மிகவும் கறுத்துப் போயிருந்தான். தலையைக் குனிந்தபடி அபூ ஸக்ரின் முன்னால் உட்கார்ந்தான்.

அபூ ஸக்ர் இடது கையால் கெண்டியை எடுத்தார். கிண்ணத்தில் ஊற்றினார். கொஞ்சம் தரையில் சிந்தியது. வலது கையில் கிண்ணம் இருந்தது. கை மடியை விட்டு நகரவில்லை. தக்ரீத் தன் விரல்களைக் கடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தாள். எழு, எழு என்று மனசுக்குள் கெஞ்சினாள். அபூ ஸக்ரின் நெற்றி வியர்த்தது.

கடைசியில் கை எழுந்தது. மெதுவாக, பாதி வழியில் நின்று, மறுபடி நகர்ந்து முயீன் முன்னால் வந்தது. முயீன் வலது கையால் வாங்கினான். வாங்கினான், குடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு வந்தவன், வீட்டுக்காரர் குடி என்று சொல்லாமல் குடிக்கக் கூடாது. சொன்னால் மன்னிப்பு. சொல்லாவிட்டால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அபூ ஸக்ரின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது, ஆனால் சொல் வரவில்லை. முயீன் கிண்ணத்தைக் கீழே வைக்கக் குனிந்தான்.

"குடிடா" என்றது ஒரு குரல்.

கதவருகில் உம்மு ஸக்ர். இந்தச் சொல்லை ஆண்கள்தான் சொல்வார்கள், அதுவும் குடும்பத்துப் பெரியவர் மட்டும். பெண் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஸக்ர் "அம்மா!" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஆறிடப் போகுது, குடி. உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைக்காதே, என்னால முடியாது. ஆனா அங்க ஒருத்தி உலை வச்சிட்டுக் காத்திருப்பா. அவளாவது அவ புள்ளையைப் பாக்கட்டும்."

அபூ ஸக்ர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினார். முயீன் ஒரே மடக்கில் குடித்தான். ஹாஜி துகான், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தார். தக்ரீத்தால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அந்த வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சற்று நேரத்தில் உம்மு ஸக்ரும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.